பலமான கையின் மதிப்பு இரண்டு பாகை

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று அழைக்கும் விளையாட்டு நாம் அறிந்த கால்பந்து அன்று. பெயரில் கால் இருந்தாலும் வேலை பெரும்பாலும் கைக்குத்தான். பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூர்ந்து, நடுவில் பருத்திருக்கும். நீளம் சுமார் 28 சென்டிமீட்டர், நிறை 400 கிராமை ஒட்டியது. அணிக்குப் பதினொருவர். அவர்களுள் குவார்ட்டர்பேக் என்பவரே ஆட்டத்தின் அச்சாணி. பந்து முதலில் அவர் கைக்கு வரும். எதிரணியினர் அவரைக் கீழே தள்ளப் பாய்ந்து வருவதற்குள், அதாவது இரண்டு மூன்று விநாடிகளுக்குள், முன்னே ஓடிக்கொண்டிருக்கும் தம் ஆட்களுள் ஒருவரைத் தேர்ந்து அவரிடம் பந்தை எறிந்து சேர்த்துவிட வேண்டும்.

அந்நாட்டின் தொழில்முறை லீகில் 32 குழுக்கள் உள்ளன. ஆண்டுதோறும் வசந்த காலத்தில் கல்லூரி ஆட்டக்காரர்களை இக்குழுக்கள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். முந்தைய ஆண்டில் மிக மோசமாக ஆடிய குழுவுக்கே முதல் வாய்ப்பு. முதற்சுற்றில் எடுக்கப்படும் குவார்ட்டர்பேக்குக்குப் பல கோடி டாலர் ஒப்பந்தம் கிடைக்கும். தேர்வு தவறினால் குழுவுக்குச் சில ஆண்டுகள் வீண். இளைஞருக்கோ பல நேரங்களில் வாழ்க்கைத் தொழிலே போய்விடும்.

இத்தேர்வில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. ஒருவருக்குக் கையில் பலம் அபாரம்; ஆனால் குறி தவறுகிறது. இவரை நம்பலாமா? "பலம் பிறவியில் வருவது, குறியைப் பழக்கிக்கொள்ளலாம்" என்பார் ஒரு சாரார். "குறியும் பிறவியில் வருவதே, அதைக் கற்பிக்க முடியாது" என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் தத்தம் பக்கத்துக்கு ஓரிரு பெயர்களைச் சான்றாகக் காட்டுவர். ஆனால் பலத்தின் மதிப்பு எவ்வளவு, பிழையின் தன்மை என்ன என்ற இரண்டையும் அளந்து பார்த்த பிறகே இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல இயலும். பள்ளி இயற்பியலும் எளிய புள்ளியியலும் இதற்குப் போதும்.

எளிதில் அளக்கக்கூடிய எண்

டிராஃப்டுக்கு முன் இளைஞர்களைச் சோதிக்கும் முகாம் ஒன்று 1987 முதல் இண்டியானாபோலிஸ் நகரில் நடந்து வருகிறது. உயரம், எடை, உள்ளங்கையின் அகலம், ஓட்ட வேகம் எல்லாம் அங்கே அளக்கப்படும். எறியும் பந்தின் வேகத்தை ரேடார் கருவியால் அளப்பதும் உண்டு. 2018 இல் வயோமிங் பல்கலைக் கழகத்திலிருந்து வந்த ஜாஷ் ஆலன் எறிந்த பந்து மணிக்கு 62 மைல் வேகம் காட்டியது. இது விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர்.

வேகத்தைக் கண்டு மயங்குவது மனித இயல்பு. கைல் போலர் என்ற கலிபோர்னியப் பல்கலைக் கழக ஆட்டக்காரர் 2003 இல் தேர்வாளர்கள் முன்னிலையில் மைதானத்தின் நடுக்கோட்டில் முழந்தாளிட்டபடியே பந்தை எறிந்து, கோல் கம்பங்களுக்கு நடுவே செலுத்திக் காட்டினார். நடுக்கோட்டுக்கும் கம்பங்களுக்கும் இடையே 60 கெஜம், அதாவது 55 மீட்டர் தூரம். பார்த்தவர்கள் வியந்தார்கள். கல்லூரி ஆட்டங்களில் அவர் எறிந்தவற்றுள் பாதிக்கும் குறைவானவையே தம் அணியினர் கையில் சேர்ந்திருந்தன. இருந்தும் பால்டிமோர் குழு அவரை முதற்சுற்றில், பத்தொன்பதாவது ஆளாக எடுத்தது. அவருடைய தொழில்முறை வாழ்வின் மொத்தக் கணக்கு இது: புள்ளி ஈட்டித் தந்த எறிவுகள் 48, எதிரணியினர் இடைமறித்துப் பறித்தவை 54.

முழந்தாளிட்டு எறிந்ததில் அன்று அளக்கப்பட்டது எட்டும் தூரம் ஒன்றே. ஓடும் மனிதனின் நெஞ்சுக்கு நேராகப் பந்து போகுமா என்பதை அந்தச் சோதனை கேட்கவே இல்லை. எளிதில் அளக்க முடிந்ததை முக்கியமானது என்று கொள்வதே நான் இங்கு குறை கூறும் முதல் வழக்கம்.

ஒரு சிறு கணக்கு

பலமான கையால் கிடைக்கும் உண்மையான நன்மை என்ன? பந்து விரைந்து சேரும். அதனால் தடுக்க ஓடி வருபவருக்கு நேரம் குறையும். இந்நன்மையைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

சாதாரணக் கை பந்தை விநாடிக்கு 24 மீட்டர் வேகத்தில் எறிவதாகவும், பலமான கை 27 மீட்டர் வேகத்தில் எறிவதாகவும் கொள்வோம். காற்றின் தடையைப் புறக்கணிப்போம். பிடிப்பவர் 20 மீட்டர் தொலைவில் இருக்கிறார். முதற்பந்து அவரை அடைய 0.83 விநாடி ஆகும், இரண்டாவதற்கு 0.74 விநாடி. வேறுபாடு 0.09 விநாடி. தடுப்பவர் விநாடிக்கு 8 மீட்டர் ஓடினால் இந்த நேரத்தில் அவர் கடக்கும் தூரம் ஏறத்தாழ 0.74 மீட்டர். ஆகவே பலமான கை தன் ஆளுக்கு முக்கால் மீட்டர் இடைவெளியைச் சம்பாதித்துத் தருகிறது. இது அற்பமன்று. பந்தைப் பிடிப்பதும் பறிகொடுப்பதும் பல வேளைகளில் அந்த முக்கால் மீட்டரில்தான் தீர்மானமாகும்.

இனி மறுபக்கம். பந்து கையை விட்டு நீங்கும்போது திசை இரண்டு பாகை தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தின் நிமிட முள் இருபது விநாடியில் நகரும் கோணம் அவ்வளவுதான். 20 மீட்டர் தொலைவில் இப்பிழை பந்தை 0.70 மீட்டர் விலக்கிவிடும். சம்பாதித்த இடைவெளி முழுவதும் கிட்டத்தட்டச் செலவாகிவிட்டது!

மாணவர்கள் இதே கணக்கை 10 மீட்டருக்கும் 30 மீட்டருக்கும் செய்து பார்க்கலாம். 10 மீட்டரில் லாபம் 0.37 மீட்டர், விலகல் 0.35 மீட்டர். 30 மீட்டரில் லாபம் 1.11 மீட்டர், விலகல் 1.05 மீட்டர். எத்தொலைவிலும் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கின்றன. காரணம் எளிது. பலத்தால் வரும் லாபமும் தொலைவுக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. கோணப் பிழையால் வரும் விலகலும் அவ்வாறே வளர்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் தொலைவு நீங்கிவிடும். எஞ்சுவது ஒரு கோணம் மட்டுமே. நாம் எடுத்துக்கொண்ட வேகங்களுக்கு அது 2.1 பாகை.

பலமான கையின் மதிப்பு இரண்டு பாகை என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். சாதாரணக் கைக்காரரைவிட இரண்டு பாகைக்கு மேல் கூடுதலாகத் தவறுபவருக்குத் தம் பலத்தால் ஆகும் நன்மை எதுவும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தடுப்பவர் அருகில் இருந்தால்தான் வேகத்துக்கு மதிப்பு. பிடிப்பவர் தனித்து நிற்கும்போது மெதுவாக எறிந்த பந்தும் அவரைச் சேரும். ஆனால் கோணப் பிழைக்கு எப்போதும் அபராதம் உண்டு. மிக நெடுந்தூர எறிவுகளிலும், காலூன்ற நேரமில்லாத நெருக்கடியிலும் பலமான கைக்குத் தனிச் சிறப்பு இருப்பது உண்மை. ஆனால் ஓர் ஆட்டத்தில் அத்தகைய தருணங்கள் சிலவே வரும்.

கை விடும் கணம்

பலமே குறியைக் கெடுக்கிறதா என்ற ஐயம் எழலாம். எறியும் கை ஒரு வட்ட வில்லில் சுழல்கிறது. விரல்கள் எந்தக் கணத்தில் பந்தை விடுகின்றனவோ அக்கணத்தின் தொடுகோட்டுத் திசையில் பந்து செல்லும். வில்லின் ஆரத்தை ஒரு மீட்டர் என்று கொண்டால், 27 மீட்டர் வேகத்தில் கையின் கோணத் திசைவேகம் விநாடிக்கு 27 ரேடியன். விடும் கணம் ஒரு மில்லி விநாடி பிந்தினால் திசை ஒன்றரைப் பாகை மாறிவிடும். முந்தி விட்டால் பந்து தலைக்கு மேல் போகும். பிந்தி விட்டால் காலடியில் விழும்.

உண்மையில் நல்ல எறியாளரின் கை, விடும் நேரத்தில் சற்று நேர்கோட்டை ஒட்டியே நகர்கிறது. எனவே பிழை இதைவிடக் குறையும். ஆயினும் கணக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. 24 மீட்டர் வேகக்காரருக்கு இதே தாமதத்தால் வரும் பிழை 1.4 பாகை. பலசாலிக்கு அது எட்டில் ஒரு பங்குதான் அதிகம். ஆகவே "கை பலமானதால் குறி தவறுகிறது" என்ற சமாதானம் செல்லாது. பெரும்பிழைக்குக் காரணம் வேறிடத்தில் இருக்கவேண்டும்: காலூன்றும் முறை, இடுப்பு திரும்பும் நேரம், பார்வையின் தாமதம், யாரிடம் எறிவது என்ற முடிவு.

இருவகைப் பிழைகள்

செய்முறை வகுப்பில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் சுழிப்பிழையைப் பார்க்கச் சொல்கிறோம். கருவி எப்போதும் 0.03 மில்லிமீட்டர் கூட்டிக் காட்டினால் கவலையில்லை. அளவீட்டிலிருந்து அதைக் கழித்துவிடலாம். இது முறையான பிழை. ஒரே கம்பியைப் பத்து முறை அளக்கும்போது எண்கள் முன்னும் பின்னும் சிதறுவது ஒழுங்கற்ற பிழை. அதைக் கழிக்க முடியாது. காரணத்தைத் தேடிக் குறைக்கத்தான் முடியும். காரணம் தெரியாவிடில் அதுவும் முடியாது.

குறி தவறும் எறியாளரையும் இப்படித்தான் ஆராய வேண்டும். ஒருவர் எறிபவை எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே அளவு விலகினால் அவர் கெட்டிக்கார மாணவரிடம் உள்ள பழுதான கருவியைப் போன்றவர், திருத்தம் எளிது. நின்று எறிந்தால் நேராகவும், நகர்ந்தபடி எறிந்தால் தாறுமாறாகவும் போனால் சிதறலுக்குக் காரணம் கால்களில் இருக்கிறது, உழைத்தால் குறையும். நின்றாலும் நடந்தாலும், அருகிலும் தொலைவிலும் ஒரே அளவாகச் சிதறினால்தான் நம்பிக்கைக்கு இடம் குறைவு. "குறியைக் கற்பிக்கலாம்", "கற்பிக்க முடியாது" என்ற இரு வாதங்களும் இம்மூன்று வகையினரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன. நான் கூறும் இரண்டாவது குறை இதுதான்.

சதவீதம் சொல்வதும் சொல்லாததும்

குறியை அளக்கப் பொதுவில் பயன்படுவது ஒரு சதவீதம். நூறு எறிவுகளில் எத்தனை தம் ஆளின் கையில் சேர்ந்தன என்பதே அது. இதைச் சேர்ப்பு விகிதம் என்று அழைப்போம். எறிந்தவரின் திறமையோடு, பிடித்தவரின் திறமை, காத்து நின்றவர்களின் வலிமை, எதிரணியின் தரம், எறிவின் தொலைவு அனைத்தும் இந்த ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன.

ஜமார்க்கஸ் ரஸ்ஸலின் கதை இதைக் காட்டும். 2007 டிராஃப்டில் முதல் ஆளாக அவரை ஓக்லண்டு குழு எடுத்தது. கையின் பலத்துக்குப் பேர்போனவர். அதற்கு முந்தைய பருவத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக் கழகத்துக்காக ஆடியபோது அவருடைய சேர்ப்பு விகிதம் 67.8. பலமும் உண்டு, குறியும் உண்டு என்றே எவரும் நினைத்திருப்பர். ஆனால் அவருடைய பந்துகளைப் பிடித்த டுவேய்ன் போ, கிரெய்க் டேவிஸ் ஆகிய இருவரும் அதே 2007 இல் முதற்சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு சிறந்த கைகள் எத்தனையோ பிழைகளை மறைத்திருக்கும். தொழில்முறை ஆட்டத்தில் ரஸ்ஸலின் மொத்த விகிதம் 52.1 ஆக இறங்கியது. மூன்று பருவங்களுக்குப் பின் 2010 இல் குழு அவரை விடுவித்தது. அதன்பின் அந்த லீகில் அவர் ஆடவே இல்லை. பயிற்சியில் அவருக்கு ஈடுபாடு போதவில்லை என்றும் அந்நாளில் பேசப்பட்டது. காரணம் எதுவாயினும், கல்லூரி எண் அவரைப்பற்றி முழு உண்மையைச் சொல்லவில்லை.

காலமும் இந்த எண்ணை மாற்றும். பலசாலிகளின் பக்கம் பேசுவோர் டெர்ரி பிராட்ஷாவைக் காட்டுவார்கள். பள்ளி நாளில் ஈட்டி எறிதலில் தேசியச் சாதனை படைத்தவர் அவர். 1970 இல் முதல் ஆளாகப் பிட்ஸ்பர்க் குழுவுக்கு வந்தார். முதற்பருவத்தில் அவருடைய சேர்ப்பு விகிதம் 38.1 மட்டுமே. வாழ்நாள் சராசரி 51.9. ஆயினும் நான்கு முறை தம் குழுவைச் சாம்பியனாக்கினார். இதைக் கொண்டு இன்றைய இளைஞரின் 52 சதவீதத்தை நியாயப்படுத்தலாமா? கூடாது. பிராட்ஷா ஆடத் தொடங்கிய காலத்தில் லீகின் பொதுச் சராசரியே பாதியைச் சற்றுத்தான் தாண்டியிருந்தது. பிடிக்க ஓடுபவரைத் தடுப்போர் தள்ளுவதற்கு 1978 இல் விதிகள் கடுமையான வரம்பு விதித்தன. குறுந்தொலைவு எறிவுகளும் பெருகின. 2020 இல் பொதுச் சராசரி 65 ஐ ஒட்டி வந்துவிட்டது. அன்றைய 52 சராசரி. இன்றைய 52 கடைசி வரிசை. ஓர் எண்ணை அது பிறந்த காலத்தின் சராசரியோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு.

ஆலன் தரும் பாடம்

இனி ஜாஷ் ஆலனுக்கு வருவோம். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் அவருடைய சேர்ப்பு விகிதம் 56.3. பலர் அவரை எடுக்கக்கூடாது என்றனர். பஃபலோ குழு ஏழாவது ஆளாக எடுத்தது. 2018 இல் 320 எறிவுகளில் 169 சேர்ந்தன, விகிதம் 52.8. 2019 இல் 461 இல் 271, விகிதம் 58.8. 2020 இல் 572 இல் 396, விகிதம் 69.2. 2024 பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் அவரைத் தேடி வந்தது.

இம்முன்னேற்றம் தற்செயலா? நாணயத்தை 320 முறை சுண்டினால் தலை விழும் சதவீதம் 50 லிருந்து சுமார் 3 அளவு கூடவோ குறையவோ இருப்பது இயல்பு. எறிவுகளின் சதவீதத்திலும் அத்தகைய தற்செயல் ஊசலாட்டம் உண்டு. 2018 க்கும் 2019 க்கும் உள்ள வேறுபாடு 6. இவ்விரு எண்களின் வேறுபாட்டுக்குரிய இயல்பான ஊசலாட்டம் 3.6. ஆகவே முதல் ஏற்றம் வெறும் அதிர்ஷ்டமாகவும் இருந்திருக்கலாம். 2019 க்கும் 2020 க்கும் உள்ள வேறுபாடு 10.4, ஊசலாட்டமோ 3 மட்டுமே. மூன்று மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. ஏதோ ஒன்று உண்மையிலேயே மாறியது.

எது மாறியது? ஜோர்டன் பால்மர் என்ற முன்னாள் ஆட்டக்காரரிடம் ஆலன் ஓய்வுப் பருவங்களில் எறியும் முறையைத் திருத்தப் பயின்றார். கால்களும் இடுப்பும் கையோடு ஒத்து இயங்குமாறு பழகினார். 2020 இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற சிறந்த பிடிப்பாளர் குழுவுக்கு வந்து, அப்பருவத்தில் லீகிலேயே மிக அதிகமாக 127 பந்துகளைப் பிடித்தார். பயிற்சியாளர்களும் அவசரப்படாமல் காத்திருந்தனர். மூன்றும் கலந்த விளைவு இது. ஆலனின் பிழைக்குக் கண்டுபிடிக்கத்தக்க காரணம் இருந்தது; அதைத் திருத்தக் காலமும் துணையும் கிடைத்தன என்பதே நியாயமான முடிவு.

ஆனால் பலர் எடுத்துக்கொண்ட முடிவு வேறு. "ஆலன் திருந்தினார்; இவரும் திருந்துவார்" என்று ஒவ்வொரு பலசாலிக்கும் சொல்லத் தொடங்கினர். 2023 இல் ஃப்ளோரிடாவின் ஆந்தனி ரிச்சர்ட்சன் நான்காவது ஆளாக இண்டியானாபோலிஸ் குழுவுக்குப் போனார். கல்லூரியில் ஒரே ஒரு பருவம்தான் அவர் முழுநேரமாக ஆடியிருந்தார். அதில் சேர்ப்பு விகிதம் 53.8. முதலாண்டில் நான்கு ஆட்டங்களுக்குப் பின் தோளில் காயம். 2024 இல் விகிதம் 47.7. 2025 பருவத் தொடக்கத்தில் முதல் இடத்தை அவர் இன்னொருவரிடம் இழந்தார். லாட்டரியில் ஒருவருக்குப் பரிசு விழுந்ததைக் கண்டு சீட்டு வாங்குவோர், விழாதவர்களை எண்ணுவதில்லை. ஆலன் உதாரணமாகவே அமையலாம், விதியாக முடியாது.

மறுமுனையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஜோ மான்டானா 1979 இல் 82 ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். கைபலத்தால் பெயர் பெற்றவரல்லர். குறியால் நான்கு முறை சாம்பியனானார். சாட் பென்னிங்டன் தோள் காயங்களால் வேகம் குன்றியும் வாழ்நாள் சராசரி 66 சதவீதம் வைத்திருந்தார். ஆனால் சாம்பியன் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. பலமும் ஓரளவு வேண்டும். அந்த அளவுக்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு மைலும் முன்னைய மைலைவிடக் குறைந்த பயனையே தரும்.

என்ன செய்யலாம்?

பலமுள்ள, குறி தவறும் இளைஞர் ஒருவரை மதிப்பிட எளிய சோதனை போதும். 10, 20, 30 மீட்டர்த் தொலைவுகளில் வளையங்களைத் தொங்கவிட வேண்டும். நின்றபடி 50, நகர்ந்தபடி 50 என ஒவ்வொரு தொலைவிலும் எறியச் செய்து, பந்து சென்ற இடங்களைக் குறிக்க வேண்டும். சராசரி இடம் வளையத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பது முறையான பிழையைத் தரும். திட்ட விலக்கம் சிதறலைத் தரும். 50 எறிவுகளிலேயே சிதறலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்கு அறியலாம். நின்றபோது உள்ள சிதறலுக்கும் நகர்ந்தபோது உள்ள சிதறலுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டில்தான் அவருடைய எதிர்காலம் எழுதப்பட்டிருக்கிறது. வேறுபாடு பெரிதானால் திருத்த வழியுண்டு. இரண்டும் ஒரே அளவில் பெரிதாக இருந்தால், எத்தனை மைல் வேகமானாலும் முதற்சுற்றுப் பணத்தை அவர்மீது வைப்பது சூதாட்டம். எதிரிகள் பாய்ந்து வரும் நெருக்கடியை இச்சோதனை காட்டாது என்பது உண்மையே. ஆனால் ரேடார் கருவியும் அதைக் காட்டுவதில்லை.

அந்த இளைஞரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இருபத்திரண்டு வயதில் ஒருவரை "பலசாலி" என்று கொண்டாடி, இரண்டாண்டில் "குறி தவறுபவர்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த இரண்டு முத்திரைகளையும் குத்துவதற்கு முன், அவருடைய பிழை எந்த வகை என்று அளந்து சொன்னவர்கள் எத்தனை பேர்? கருவியைக் குறை சொல்லுமுன் சுழிப்பிழையைப் பார் என்பது ஆய்வுக்கூடத்தின் முதல் விதி. மனிதரை எடைபோடும் இடத்தில் அந்த விதி இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும்.